இ-பாஸ் விவாதம்: குறை சொல்பவர் தீர்வையும் சொல்ல வேண்டுமா?

குன்னூர்வாசி:
2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களில் நீலகிரிக்கு வர, இணையத்தில் பெறும் அனுமதியான இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வெளியூர் வாகனங்களுக்கு நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்ற வரம்பையும் உயர் நீதிமன்றம் விதித்தது. வரம்பை எதிர்த்தால் மலையை விற்பவர், ஆதரித்தால் பிறர் வயிற்றில் அடிப்பவர் என்று இந்தக் குழுவில் நாம் ஒருவரையொருவர் ஏசிக்கொள்கிறோமே தவிர, எந்த விதியை எப்படித் திருத்தலாம் என்று யாரும் எழுதுவதில்லை. இனி குறை எழுதுபவர் ஒரு தீர்வையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று முன்மொழிகிறேன்.

வர்க்கிக்கடை:
இதை ஏற்க மாட்டேன் ஐயா. எங்கள் பேக்கரிக்குச் சீசன் விற்பனைதான் ஆண்டு முழுவதற்கும் சோறு. அது குறைந்தது என்று சொல்வதற்கு முன்னால் நான் போக்குவரத்துத் திட்டம் வரைந்து காட்ட வேண்டுமா? இந்த விதி வந்தால் அறிக்கை எழுதத் தெரிந்தவர்கள் மட்டுமே இங்கே பேசுவார்கள்.

கோத்தகிரி ஆசிரியை:
காலி மதுபாட்டில் சிக்கலை நினைத்துப் பாருங்கள். காட்டிலும் தேயிலைத் தோட்டத்திலும் வீசப்பட்ட கண்ணாடி விலங்குகளின் கால்களைக் கிழித்தது. கடையை மூடு, மூடாதே என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. ஆனால் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் முறை 2022 மே மாதம் நம் மாவட்டத்தில் தொடங்கியது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் போனது. குடிப்பவரைத் திட்டியா பாட்டில் திரும்பி வந்தது?

வர்க்கிக்கடை:
அம்மா, உங்கள் எடுத்துக்காட்டே என் பக்கம்தான் நிற்கிறது. விலங்கின் காலில் கண்ணாடி குத்தியதை முதலில் சொன்னவரிடம் அன்றைக்கே தீர்வு கேட்டு வாயை அடைத்திருந்தால், அந்த 10 ரூபாய் யோசனை பிறந்திருக்குமா?

குன்னூர்வாசி:
இது நியாயமான கேள்வி; என் முன்மொழிவைத் திருத்திக்கொள்கிறேன். பாதிப்பைச் சொல்பவர் எங்கே, எப்போது, எவ்வளவு என்று மட்டும் சொன்னால் போதும். எதிர்த்தரப்பின் நோக்கத்தைப் பழிப்பவர்தான் மாற்று வழி சொல்லக் கடமைப்பட்டவர். உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் அப்போது வரம்பு இல்லை என்பதால், பேருந்தில் வருவோர் உங்கள் கடைக்கு வந்தார்களா என்பதை அறிய விரும்புகிறேன்.

வர்க்கிக்கடை:
அப்படியானால் உடன்படுகிறேன். வரம்பு தவறு என்ற என் கருத்து மாறவில்லை. ஆனாலும் ஏப்ரல், மே மாதக் கணக்கை வார நாள், வார இறுதி எனப் பிரித்து ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே எழுதுகிறேன். வரம்பை ஆதரிப்பவர்களும் பர்லியாறு முதல் குன்னூர் வரையிலான மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் நெரிசலில் நின்ற நாட்களை, நேரத்தோடு எழுதட்டும்.