பெல்லி டான்ஸ்: காவித் தரையில் வெறுங்காலா, செருப்பா?

பாறைக்காரி:
வணக்கம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன், வயது 43. சனிக்கிழமைதோறும் வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு பஸ் ஏறி பெல்லி டான்ஸ் வகுப்புக்குப் போகிறேன். எட்டு மாதம் ஆகிறது. அங்கே மரத் தரை, தொல்லை இல்லை. வீட்டில்தான் சிக்கல். மாமனார் காலத்து வீடு. முன்னறையில் சிவப்புக் காவித் தரை, முகம் பார்க்கலாம் போல. ஆடத் தொடங்கும்போது வழுக்குகிறது, வேர்த்ததும் பாதம் ஒட்டிக்கொள்கிறது. சுற்றும்போது உடம்பு திரும்பிவிடுகிறது, கால் வர மாட்டேன் என்கிறது. முன்பாதத் தோல் உரிந்துவிட்டது. போதாததற்கு, காலையில் கட்டிலிலிருந்து இறங்கினால் முதல் பத்து அடிக்குக் குதிகாலில் ஆணி குத்துகிற மாதிரி வலி.

ஓணத்துக்கு எங்கள் தெருச் சங்க விழாவில் ஐந்து நிமிடம் ஆடச் சொல்லியிருக்கிறார்கள். டீச்சர் இரண்டு அங்குல ஹீல்ஸோடு ஆடுவார், எனக்கும் அதையே வாங்கச் சொல்கிறார். நான் பதினாலு வயது வரை பரதம் படித்தவள். பூமியைத் தொட்டுக் கும்பிட்ட மேடையில் செருப்போடு நிற்கக் கூசுகிறது. மாமியார் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "வயித்த ஆட்டுறதுகூடப் பரவால்ல கண்ணு, மேடையில செருப்பு மட்டும் வேண்டாம்." என்ன செய்யலாம்?

குமுளி மிளகு:
ஹீல்ஸ் போட்டால்தான் அசல் எகிப்து ஸ்டைல். யோசிக்காமல் வாங்குங்கள்.

செங்கோட்டை அக்கா:
மிளகு தம்பி சொல்வது பாதிதான் சரி. கெய்ரோவில் பதியா மசப்னி என்ற ஆட்டக்காரி 1926-இல் நடத்தத் தொடங்கிய கிளப்பைப் போன்ற மேடைகளில்தான் இந்த ஆட்டம் இன்றைய மேடை வடிவத்துக்கு வந்தது. அங்கிருந்து சினிமாவுக்குப் போன சாமியா கமால் ஹீல்ஸோடு ஆடிப் பேர் வாங்கினார். செருப்பு வாங்க வசதி உண்டு என்று காட்டத்தான் போட்டார் என்று ஆட்டக்காரர்களுக்குள் ஒரு கதை உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த ட்ரைபல் என்கிற பெல்லி டான்ஸ் பாணிக்காரர்களோ பெரும்பாலும் வெறுங்கால்தான். ஆக, எது அசல் என்று சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. தரையைப் பாருங்கள்.

தங்கச்சி, எங்கள் வீட்டிலும் அதே காவித் தரைதான் (1956 வரை நாங்களும் உங்களோடு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்தானே). அதன் அடியில் இருப்பது சிமெண்ட், துளியும் வளைந்து கொடுக்காது. மரத் தரை வாங்கிக்கொள்கிற அதிர்வை இங்கே குதிகாலும் முழங்காலும்தான் வாங்க வேண்டும். யோகா பாய் விரித்து ஆடிவிடாதீர்கள். பாதம் அதில் ஒட்டும், திருகல் மொத்தமும் முழங்காலுக்குப் போகும். நான் அப்படி ஒரு மாதம் ஆடி, ஒரு மாதம் மாடிப்படி ஏறாமல் கிடந்தவள்.

நான் செய்வது இதுதான். ஷிம்மி (இடுப்பை வேகமாகக் குலுக்குவது), இடுப்பு வெட்டு என்று நின்ற இடத்தில் நெடுநேரம் பழகும்போது மெத்தென்ற ஜாஸ் ஷூ (நடனத்துக்கென்றே செய்கிற ஷூ). சுற்றுகளுக்கு லிரிக்கல் ஷூ என்று கேட்டு வாங்குங்கள்: முன்பாதத்தை மட்டும் மூடுகிற தோல் துண்டு, விரலும் குதிகாலும் வெளியே இருக்கும். உடம்பு நிறத்திலேயே கிடைக்கிறது, ஐந்தடி தள்ளி நின்றால் தெரியாது. அடிப்பக்கம் ஸ்வேட் (சொரசொரப்பான தோல்) வைத்ததாகப் பாருங்கள். வழவழ தோல் காவித் தரையில் எண்ணெய் மாதிரி வழுக்கும்.

ஹீல்ஸ் இப்போது வேண்டாம். குதிகால் உயர்ந்தால் பாரம் முன்பாதத்துக்குப் போகும், இடுப்பு முன்னால் சாயும், முதுகு வளையும். இந்த ஆட்டத்துக்கு முதுகை நிமிர்த்தி, முழங்காலைத் தளர்த்தி நிற்க வேண்டும். வெறுங்காலில் நுனிப்பாதத்தில் ஆடாமல் அசையாமல் நின்று இடுப்பை வெட்ட வரட்டும், அப்புறம் ஹீல்ஸ். ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு பலகைக்கு நடுவே என் ஹீல் முனை மாட்டிக்கொண்டது. மேலே கார்ப்பெட், அதனால் இடுக்கு தெரியவில்லை. கையை மட்டும் ஆட்டிக்கொண்டே பாட்டை முடித்தேன். எல்லாரும் கை தட்டினார்கள், அதுதான் வேடிக்கை.

இன்னொன்று, பாவாடை. டீச்சரின் ஹீல்ஸ் உயரத்துக்குத் தைத்ததை இரவல் வாங்கினால் வெறுங்காலில் கீழ்ப்பட்டியை மிதித்து விழுவீர்கள்.

காலை வலிக்கு, கட்டிலில் உட்கார்ந்தபடியே பெருவிரலை உங்கள் பக்கம் இழுத்துக் கெண்டைக்காலை நீட்டிவிட்டு இறங்குங்கள். சாயங்காலம் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை உள்ளங்காலில் உருட்டுங்கள். சில வாரத்தில் குறையாவிட்டால் டாக்டரிடம் போய்விடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

நகரிக்காரன்:
நான் ஆடுபவனல்ல, மேடை போடுபவன். விழா மேடையில் தெர்மகோல் குத்திய குண்டூசி, ஸ்டேப்ளர் பின் எல்லாம் கிடக்கும். ஏறுவதற்கு முன் செருப்போடு ஒரு நடை நடந்து, செல்போன் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், ஊசி மின்னும். சர்க்கரை இருந்தால் வெறுங்கால் பேச்சே வேண்டாம். குத்தினதுகூடத் தெரியாமல் போகலாம்.

பாறைக்காரி:
சர்க்கரை இல்லை அண்ணா, போன மாதம்தான் பார்த்தேன். டார்ச் யோசனைக்கு நன்றி.

அக்கா, லிரிக்கல் ஷூ வந்துவிட்டது. முதல் நாள் விரல் இடுக்கில் அறுத்தது, இப்போது பழகிவிட்டது. சுற்று மூன்று வரை தடையில்லாமல் வருகிறது. குதிகால் வலி பாதியாகியிருக்கிறது. ஜாஸ் ஷூ அடுத்த சம்பளத்தில். விரலும் குதிகாலும் பூமியில் படுவதால் எனக்குக் கூச்சமும் இல்லை. டீச்சரிடம்தான் இன்னும் சொல்லவில்லை.

நேற்று முன்னறையில் பழகும்போது அத்தை வந்து என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏன் கண்ணு, காலுல கட்டுப் போட்டிருக்கே, அடிபட்டுருச்சா?" என்றார். ஆமாம் அத்தை என்று சொல்லிவிட்டேன்.