கே2 ஆவணப்படத்தைப் போடிக்காரர் ஒருவருடன் பார்த்த அனுபவம்

செல்லூர், மதுரையிலிருந்து:

2008 ஆகஸ்டு முதல் இரண்டு நாட்களில் காரகோரம் மலைத்தொடரின் கே2 சிகரத்தில் 11 பேர் இறந்துபோன விபத்தைப் பற்றி நிக் ரயன் இயக்கிய ‘தி சம்மிட்’ ஆவணப்படத்தை, போடியில் ஜீப் ஓட்டும் என் சித்தப்பாவுடன் சேர்ந்து பார்த்தேன். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியபோது, கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த மலையேற்றக் குழுவினரை மீட்க இருட்டில் மேலே சென்ற உள்ளூர்க்காரர்களில் அவரும் ஒருவர்.

8611 மீட்டர் உயரமுள்ள கே2வின் உச்சிக்குச் சற்றுக் கீழே, பாட்டில்நெக் என்று மலையேறுவோர் அழைக்கும் குறுகிய செங்குத்துப் பாதை இருக்கிறது. அதன் தலைக்கு மேல் மாபெரும் பனிச்சுவர் தொங்குகிறது. அன்று பலர் மிகவும் தாமதமாகவே உச்சியை அடைந்து, இருட்டிய பிறகு இறங்க வேண்டியதாயிற்று. அந்த நேரத்தில் பெயர்ந்து விழுந்த பனிப்பாளம் நார்வே நாட்டு ரோல்ஃப் பேயின் உயிரைப் பறித்ததோடு, இறங்குவதற்காகக் கட்டியிருந்த கயிறுகளையும் அறுத்துக்கொண்டு போனது. கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே கிடைக்கும் அந்த உயரத்தில், பனிக்கோடரி இல்லாமல் நின்ற பசாங் லாமாவைத் தம்மோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நேபாளத்தின் ஷெர்பா இன மலையேறியான சிரிங் டோர்ஜே ஷெர்பா கீழே இறக்கினார். இந்த இடத்தில் படத்தை நிறுத்தி மறுபடி போடச் சொன்ன சித்தப்பா, “ரெண்டு பேரும் விழுந்திருந்தா கேக்க நாதி இருந்திருக்காதுப்பா” என்றார்.

என்னை அதிகமாக யோசிக்க வைத்தது, பிழைத்தவர்களின் சாட்சியங்கள் ஒன்றுக்கொன்று முரண்படும் பகுதி. கயிற்றில் சிக்கித் தலைகீழாகத் தொங்கிய மூவரை விடுவிக்க இத்தாலியரான மார்கோ கான்ஃபர்டோலாவும் அயர்லாந்துக்காரரான ஜெர் மெக்டொனலும் முயன்றார்கள். மெக்டொனல் ஒரு கட்டத்தில் மேல்நோக்கி நடந்து போய்விட்டார் என்பது கான்ஃபர்டோலா சொல்வது. அவர் கடைசிவரை அங்கேயே நின்று அவர்களை விடுவித்தார் என்று, அன்று அதே மலையில் இருந்த பெம்பா கியால்ஜே ஷெர்பாவுக்கு வாக்கிடாக்கியில் வந்த செய்தியை ஆதாரமாகக் கொண்டு மற்றவர்கள் நம்புகிறார்கள். படம் இந்த இரண்டாவது பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வு எனக்குப் புரிகிறது. ஆனால் அதைக் காரணம் காட்டிக் கான்ஃபர்டோலாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம் என்று உறுதியாக நினைக்கிறேன்.

சித்தப்பாவும் அதையே வேறு வழியில் சொன்னார். குரங்கணியில் தீப்பிடித்த அன்றிரவு அவருடைய ஜீப்பில் வந்தவர்களில் ஒருவர், எல்லோரும் சேர்ந்தே பள்ளத்தை நோக்கி ஓடியதாகச் சொன்னாராம். அவருக்குப் பக்கத்திலேயே இருந்த இன்னொருவர், ஆளுக்கொரு திசையில் சிதறி மேலே ஓடியதாகச் சொன்னாராம். காய்ந்த புல் மண்டிய சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும் என்பதும், புகை சூழ்ந்தால் பக்கத்தில் நிற்பவரின் முகமே தெரியாது என்பதும் அந்த மலையில் பிறந்தவர்களுக்குத் தெரியும். இருவரும் தாங்கள் கண்டதைத்தான் சொன்னார்கள் என்பதில் சித்தப்பாவுக்கு இன்றுவரை ஐயமில்லை.

திருநகர், மதுரையிலிருந்து:

அண்ணா, நான் தீக்காயப் பிரிவில் வேலை பார்த்த செவிலி என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். ஆழமான தீக்காயத்தில் தோலிலுள்ள நரம்பு முனைகளே எரிந்துவிடுவதால், உடலின் பெரும்பகுதி வெந்தவர்கள்கூட முதல் சில மணி நேரம் அதிக வலியில்லாமல் தெளிவாகப் பேசுவதுண்டு. உறவினர்கள் அதைப் பார்த்துப் பிழைத்துக்கொள்வார் என்று நம்பிவிடுகிறார்கள். ஆனால் நீரிழப்பும், பிறகு வரும் கிருமித்தொற்றும் நாட்கள் கழித்து உயிரைக் கொண்டுபோய்விடுகின்றன. குரங்கணி மரணங்கள் வாரக்கணக்கில் தொடர்ந்ததற்கு இதுவே காரணம். அந்தத் தெளிவான சில மணி நேரத்தில்தான் நீதிபதி வாக்குமூலம் வாங்க வருவார், அப்போதே பார்க்க வருகிறவர்களும் “எதுக்கும்மா அங்க போன?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்ல அவர்களால் முடியாது, முடிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதே கொடுமை.

செல்லூர், மதுரையிலிருந்து:

தங்கச்சி எழுதியதைச் சித்தப்பாவிடம் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். கே2வின் ஷெர்பாக்கள் தங்கள் வாயாலேயே பேசியிருப்பது இந்தப் படத்தின் பெரிய பலம். குரங்கணியில் டோலி கட்டித் தூக்கிவந்தவர்கள் சொன்னதை அப்படி முழுமையாக யாரும் பதிந்து நான் பார்த்ததில்லை. எனவே அவருடைய சொற்களைப் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறேன். மேலே சென்ற மற்றவர்களிடமும் பேசுவதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதோடு ஒத்துப்போகாத இடங்களை அப்படியே விட்டுவைக்கப் போகிறேன். போடி, தேனிப் பக்கம் அன்றிரவு உதவியவர்கள் யாரேனும் பேச விரும்பினால், அவர்களுக்கு வசதியான நேரத்தில் நானே நேரில் வருகிறேன்.