மறு: ஸ்பிரைட்டுக்குத் தமிழ்ச்சொல் – உரு, ஆவி, நடிகர், பாவை

நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்பிரைட்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்குச் சிற்றுரு, மாயுரு, ஆவி, பாத்திரம், நடிகர், பாவை என்று இந்த இழையில் சொற்கள் குவிந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் அகராதிச் சான்று வந்திருக்கிறது. ஆனால் எந்தச் சொல்லையும் யாரும் ஸ்கிராட்ச் கட்டைக்குள் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. (ஒரு கட்டளையைத் தாங்கிய பிளாக்குக்கும் சொல் முடிவாகவில்லை, இந்த மடலுக்கு மட்டும் கட்டை என்கிறேன்.) நான் போட்டுப் பார்த்தேன். அங்கேதான் பாதிச் சொற்கள் உதிர்ந்தன.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக: ஸ்கிராட்ச் என்பது மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் உருவாக்கி 2007இல் பொதுமக்களுக்கு வெளியிட்ட நிரல்மொழி. தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. கட்டளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்தால் போதும். 480×360 அளவில் ஒரு மேடை இருக்கும். அந்த மேடையில் நிற்கிற, நகர்கிற, பேசுகிற, தொட்டால் துள்ளுகிற ஒவ்வொன்றும் ஸ்பிரைட். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூல் வரைக்கும் ஸ்கிராட்ச் வந்துவிட்டது. ஆகவே இது நமக்குள் பேசி மகிழ்வதற்கான சொல் அல்ல. பிள்ளைகள் வாயில் புழங்க வேண்டிய சொல்.

அண்மையில் என் வகுப்பில் ஒரு மாணவி செய்ததைச் சொல்கிறேன். கறுப்பு மேடை, அதில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி. அவளுடைய ஸ்பிரைட் அவ்வளவுதான். சுட்டி போகும் இடமெல்லாம் புள்ளியும் போகிறது; போகிற போக்கில் தன்னைத்தானே பிரதி எடுத்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு பிரதியும் பிறந்தவுடன் கைக்கு வந்த ஒரு நிறத்தை எடுத்துக்கொண்டு, தோன்றிய திசையில் திரும்பி, ஐந்து ஐந்து அடியாக நாற்பது முறை நகர்கிறது. நகர நகரச் சிறுக்கிறது, மங்குகிறது, கடைசியில் தன்னை அழித்துக்கொள்கிறது. சுட்டியை அசைத்தால் திரை முழுவதும் மத்தாப்பு. பதினைந்து கட்டைகள்கூட இருக்காது. சுற்றுக்கு ஒரு பிரதி போதாது, பத்து வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதும் மத்தாப்பு விட்டுவிட்டு எரிய ஆரம்பித்தது. ஒரே நேரத்தில் 300 பிரதிகளுக்கு மேல் ஸ்கிராட்ச் விடாது. பழையவை அழிந்தால்தான் புதியவை பிறக்கும். அதை அவளே எண்களை மாற்றி மாற்றிக் கண்டுபிடித்து, நகர்வை நாற்பதிலிருந்து இருபதாகக் குறைத்துச் சரிசெய்தாள்.

இவ்வளவும் செய்தவள், அந்தப் புள்ளியைக் கடைசி வரை "அது" என்றுதான் சொன்னாள். ஸ்பிரைட் என்று நான் சொன்னபோதெல்லாம் வகுப்பில் குளிர்பானச் சிரிப்புதான் எழுந்தது.

இனி, இழையில் வந்த கருத்துகளுக்கு என் பதில்.

> ஸ்பிரைட் என்பதன் வேர்ப்பொருள் ஆவி. வேரை விட்டு விலகினால் அது மொழிபெயர்ப்பே அல்ல.

ஐயா, வேர் நீங்கள் சொல்வதுதான். ஆனால் அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1979இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வெளியிட்ட காட்சிச் சில்லில் (சிப்) பின்னணிப் படத்தைத் தொடாமல், அதற்கு மேலே மிதக்கும் சிறு படங்களுக்கு ஸ்பிரைட் என்று பெயர். பின்னணியைக் கலைக்காமல் ஆவிபோல் உலவியதால் அந்தப் பெயர் பொருந்தியது. மொத்தம் 32 வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே கிடைவரியில் நான்குதான் தெரியும், ஐந்தாவது அந்த வரியில் காணாமல் போகும். 1982இன் கொமோடோர் 64 கணினியில் எட்டு, ஒவ்வொன்றும் 24×21 புள்ளிகள். அதே காலத்தில் அட்டாரி நிறுவனத்தார் இதையே "ஆட்டக்காரரும் ஏவுகணையும்" என்ற பொருளில் அழைத்தார்கள். ஆங்கிலத்திலேயே ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் போட்டியிட்டு ஒன்று நிலைத்திருக்கிறது. அந்தச் சில்லும் போய்விட்டது, மிதக்கும் வன்பொருளும் போய்விட்டது. ஸ்கிராட்சில் பெயர் மட்டும் மிச்சம். போன காரணத்துக்காக நாம் ஏன் ஆவி பிடிக்க வேண்டும்? மௌஸுக்கு எலி என்று எழுதிப் பார்த்தவர்களும் உண்டு. நின்றது சுட்டிதான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஸ்கிராட்சில் படத்தை மங்கச் செய்யும் விளைவுக்கே பேய் என்று பொருள்படும் பெயர்தான். அதை 100 ஆக்கினால் படம் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் சொல்லை ஏற்றால் "ஆவியின் பேய் விளைவை 50 ஆக்கு" என்று ஒரு கட்டை வரும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும் என்பதை மறுக்கவில்லை.

> நடிகர் என்பதே தெளிவு. மேடை இருக்கிறது, நடிப்பவர் இருக்கிறார்.

இங்கே நம் இலக்கணமே குறுக்கே நிற்கிறது. நடிகர் உயர்திணை. "நடிகர் நகர்கிறார்" என்றுதான் எழுத முடியும். என் மாணவியின் சிவப்புப் புள்ளி, மீன், பந்து, மழைத்துளி எல்லாம் "நகர்கிறார்" ஆகுமா? மேடையில் பெரும்பாலும் அஃறிணைதான் ஆடுகிறது. பாத்திரம் இந்தத் தடையைத் தாண்டுகிறது. ஆனால் "பாத்திரத்தை அழி", "பாத்திரத்தைச் சொடுக்கு" என்று எழுதிப் பாருங்கள், அடுக்களை வாசனை போகாது.

உரு எனக்குப் பிடித்த சொல்தான், சிறியது, ஒட்டுகளும் எளிதில் சேரும். ஆனால் இந்த இழையில் யாழ்ப்பாணத்து அம்மா சுட்டிக்காட்டியதுபோல் இலங்கைப் பாடநூல்களில் "உரு 3.1" என்றால் படத்தின் எண். பாடநூலுக்குள் போகப்போகும் சொல்லுக்கு இந்தக் குழப்பம் வேண்டாம். சிற்றுருவைப் பத்து வயதுப் பிள்ளையிடம் வேகமாக மூன்று முறை சொல்லச் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

ஆக, என் வாக்கு பாவைக்கு.

> பாவை என்றால் பெண் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள்.

பாட்டில் வந்தால் நினைப்பார்கள். தோற்பாவைக் கூத்தில் இராவணனும் பாவை, அனுமனும் பாவை, சிரிப்பு மூட்டும் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் பாவைகள். கண்ணுக்குள்ளும் ஒரு பாவை இருக்கிறது. இலங்கையில் குழந்தைகள் விளையாடும் பொம்மைக்குப் பாவைப்பிள்ளை என்ற பெயர் இன்றும் பேச்சில் இருக்கிறது. வள்ளுவர் இரண்டு இடங்களில் மரப்பாவையைச் சொல்கிறார். இரப்பவர் இல்லாத உலகில் மக்களின் போக்குவரவு "மரப்பாவை சென்றுவந் தற்று" (1058). நாணில்லாதவர் நடமாட்டம் "மரப்பாவை நாணால் உயிர்மருட்டி யற்று" (1020). செல்வது, வருவது, உயிர் இருப்பதுபோல் மருட்டுவது: ஸ்கிராட்ச் மேடையில் நடப்பது இது மூன்றும்தான்.

இதற்கு எதிராக வந்ததில் ஒன்று உண்மையிலேயே கனமான வாதம். பாவையை ஆட்டுவிக்க வெளியே ஒரு கை வேண்டும். ஸ்பிரைட்டோ தன் நிரலைத் தானே சுமக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டளைத் தொகுப்பு. ஆகவே பாவை அதன் தன்னியக்கத்தைச் சொல்லவில்லை என்கிறார்கள். சரிதான். ஆனால் அந்தக் கட்டளைகளைக் கோத்தது யார்? திரைக்குப் பின்னால் இருக்கும் பிள்ளைதான் கூத்தாடி. அந்த நினைப்பு பிள்ளைகளுக்கு இருப்பது நல்லது என்றே நான் கருதுகிறேன். கணினி தானாகச் செய்தது என்று ஊரே மலைத்துக்கொண்டிருக்கும் காலம் இது.

இப்போது கட்டைக்குள் வருவோம். ஸ்கிராட்ச் கட்டையில் பெயர் வருமிடம் ஒரு குழி. பட்டியலிலிருந்து எந்தப் பெயரையும் அதில் இடலாம். எனவே வேற்றுமை உருபைப் பெயரோடு ஒட்ட முடியாது. "[மரம்] ஐ நோக்கித் திரும்பு" என்று அரைகுறையாக எழுதுவதைக் காட்டிலும் "[மரம்] பக்கம் திரும்பு" என்றால் தமிழாகவே இருக்கிறது. "[மரம்] ஐத் தொடுகிறதா?" வேண்டாம், "[மரம்] மேல் பட்டதா?" போதும். "[மரம்] இருக்கும் இடத்துக்குச் செல்" என்பதும் அப்படியே. உருபை வெட்டி ஒட்டாமல், உருபு ஏற்காத பெயரோடு நிற்கும் தொடராக அமைத்தால் சிக்கல் தீர்கிறது. சொற்பட்டியலைவிட இந்த அமைப்புதான் அச்சுக்குப் போகவிருக்கும் கையேட்டுக்கு முக்கியம் என்பேன். பொதுப்பெயர் வரும் இடங்களில் "இந்தப் பாவையைச் சொடுக்கும்போது", "பாவைப் பட்டியல்", "புதிய பாவை" என எல்லாமே நெருடாமல் நிற்கின்றன.

பாவையை ஏற்றால் காஸ்ட்யூமுக்கும், அதாவது ஒரே ஸ்பிரைட் மாற்றிக்கொள்ளும் படங்களுக்கும், சொல் வேண்டும். உடை என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் பூனைக்குச் சட்டை தேடுகிறார்கள். அந்தப் பூனைக்கு இருக்கும் இரண்டு காஸ்ட்யூம்களில் மாறுவது கால்களின் நிலைதான். மாற்றி மாற்றிக் காட்டினால் நடப்பதுபோல் தெரியும். தோற்றம் என்பதை அப்படங்களுக்கு வைக்க முடியாது, கட்டைகளின் வகைப்பெயராக அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டோம். வேடம் பரவாயில்லை. ஆனால் பெருமாளுக்கு நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்கிறோமே, அதுதான் இது. ஆள் ஒருவரே, நிலைதான் வேறு. "அடுத்த கோலம் கொள்" என்று கட்டையில் எழுதிப் பார்த்தேன், மனம் நிறைந்தது. வாசலில் போடும் கோலத்தோடு குழம்பும் என்பார்கள். போடுவது அந்தக் கோலம், கொள்வது இந்தக் கோலம், வினைச்சொல் காத்துக்கொள்ளும். தோற்பாவைக் கூத்தில் முடிசூடிய இராமனுக்கு ஒரு பாவை, வனவாச இராமனுக்கு வேறு பாவை என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதினார். அங்கே கோலம் மாறினால் தோலே மாறுகிறது, உண்மை. அந்த அளவுக்குக் கூத்தின் விதிகளைக் கணினிக்குள் இழுத்து வர வேண்டாம்.

மேடைக்கு மேடையே போதும். அரங்கு என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பின்னணிப் படத்துக்குப் பின்திரை.

எஞ்சியிருப்பது குளோன், அதாவது மத்தாப்பில் புள்ளி எடுத்துக்கொண்ட பிரதி. படி என்ற பரிந்துரை எனக்கு ஒத்துவரவில்லை: ஏறும் படி, அளக்கும் படி, புத்தகத்தைப் படி என்று ஏற்கெனவே அதற்கு ஏகப்பட்ட வேலை. மேலே நான் எழுதிய பிரதியும் நகலும் பொருளில் சரி. ஆனால் அச்சுக் கட்டையோடு குழம்புகின்றன. அச்சு, பாவையின் படத்தை மேடையில் பதித்துவிட்டுப் போகும், பதிந்தது அசையாது. குளோன் அசையும், திரும்பும், தானும் குளோன்களைப் பெறும். என் வகுப்பில் இதற்கு யாரும் சொல் தேடவில்லை. மயிலிறகைப் புத்தகத்துக்குள் வைத்துக் காத்திருந்த அதே வாயால் "புள்ளி குட்டி போடுகிறது" என்கிறார்கள். "குட்டி போடு", "நான் குட்டியாகத் தொடங்கும்போது", "இந்தக் குட்டியை அழி". மூன்றாவது மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது. "இந்தக் குட்டியை மறையச் செய்" என்றால், மறைப்பதற்கென்று வேறு கட்டை இருக்கிறது. இதற்கு நல்ல வினை யாரிடமாவது இருந்தால் கையேடு அச்சுக்குப் போவதற்குள் எழுதுங்கள். பாவை, கோலம் இரண்டையும் அதில் சேர்த்துவிட்டேன்.