கிரிட் விழுந்தால் எதையெல்லாம் இரட்டிப்பது? எங்கள் மாடியில் நடந்த சண்டை

போன சனிக்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு சத்துவாச்சாரியில் ஒரு மொட்டை மாடியிலிருந்து சத்தம் கேட்டிருந்தால், அது நாங்கள்தான். சொத்துத் தகராறு இல்லை. ஒரு சிலந்திக் கடி.

ஆட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து டைஸ் உருட்டி ஆடுகிற கதை ஆட்டம். ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகம். நாங்கள் நாலு பேர். டிஎம் (கதையை நடத்தி, எதிரிகளுக்காக டைஸ் உருட்டுபவர்) என் பெரியப்பா மகன். சென்னையில் படித்த காலத்தில் 3.5 பதிப்பு ஆடிக் கற்றுக்கொண்டவர். அதனால் மேசையில் அவர் சொல்வதுதான் சட்டம் என்று ஒரு பழக்கம். வேலூர் வெயிலுக்கு பகலில் மாடியில் உட்கார முடியாது, ஆகவே ஒன்பது மணிக்கு மேல்தான் ஆட்டம்.

என் பாத்திரம் இரண்டாம் லெவல் கிளெரிக், ஒரு பூசாரி. மொத்தம் 17 ஹெச்பி (உயிர்ப் புள்ளி), அப்போது மீதி 15. ராட்சதச் சிலந்தி கூரையிலிருந்து இறங்கிக் கடித்தது. அண்ணன் இருபது பக்க டைஸை உருட்டினார். இருபது. அதுதான் கிரிட், டேமேஜ் கூடுகிற அடி. மாடியே அமைதியாகிவிட்டது.

கடியின் டேமேஜுக்கு ஒரு டி8 (எட்டுப் பக்க டைஸ்), கூட்டு 3. கிரிட் என்பதால் இரண்டு டி8: 6, 3. மூன்றைச் சேர்த்தால் 12. எனக்கு மீதி 3. இதுவரை யாருக்கும் தகராறு இல்லை. இருபது விழுந்தால் டைஸைத்தான் இருமடங்கு உருட்ட வேண்டும், கூட்டுத்தொகை ஒரே முறைதான். மொத்தத்தையும் இரண்டால் பெருக்குகிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களோடு பேச எனக்குத் தெம்பில்லை.

அப்புறம்தான் விஷம். கான்ஸ்டிடியூஷன் சேவ், அதாவது உடம்பு தாங்குகிறதா என்று நான் உருட்டிப் பார்ப்பது, 11 வேண்டும். எனக்கு விழுந்ததோ 4. விஷத்துக்கு இரண்டு டி8. ஆனால் அண்ணன் நாலு டைஸைக் கையில் எடுத்தார். 7, 4, 6, 4. மொத்தம் 21. மூன்று போக மீதி 18. என் முழு ஹெச்பியே 17தான். பூஜ்ஜியத்துக்குக் கீழே போகிற அடி முழு ஹெச்பியைத் தொட்டாலே அந்த இடத்திலேயே சாவு, சாவுக்கான சேவ்கூடக் கிடையாது.

“அண்ணா, விஷத்தை எதுக்கு இரட்டிக்கிறீங்க?”

“புத்தகத்துல இருக்குடா. அந்த அடியில வேற டேமேஜ் டைஸ் இருந்தா அதையும் ரெண்டு தடவை உருட்டணும்.”

அவர் சொன்ன வரி இருப்பது உண்மை. ரோக் என்கிற திருட்டுப் பாத்திரத்தின் ஸ்னீக் அட்டாக்கை (அசந்த நேரத்தில் அடித்தால் சேரும் கூடுதல் டைஸ்) உதாரணமாகவே கொடுத்திருக்கிறார்கள். என் வாதம் வேறு. ஸ்னீக் அட்டாக் டைஸ் அடி பட்டதுமே சேர்ந்து வருவது, நடுவில் இன்னொரு கேள்வி இல்லை. இந்த விஷமோ நான் சேவில் தோற்றதால் வருவது, ஜெயித்திருந்தால் பாதிதான். அதன் அளவைத் தீர்மானிப்பது சிலந்தியின் இருபது இல்லை, என் நாலு. ஃபயர்பால் என்கிற நெருப்பு மந்திரத்துக்கும் சேவ்தான், அதற்கு யாராவது கிரிட் கேட்பார்களா? சேவ் போட்டு வாங்குகிற அடிக்கு கிரிட் என்பதே கிடையாது. கடித்த வாயிலிருந்து வந்ததால் மட்டும் அது கடியின் டைஸ் ஆகிவிடாது.

என் கணக்குப்படி முதல் இரண்டு டைஸ்தான், 7, 4, ஆக 11. நான் பூஜ்ஜியத்துக்கு வருகிறேன், மிச்சம் 8, சாவு இல்லை. அதைவிட, இந்தச் சிலந்தியின் விஷம் ஒருவரைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோனால் அவர் ஸ்டேபிள் (சாகும் நிலையில் இல்லை), ஒரு மணி நேரம் கைகால் அசையாமல் கிடப்பார் என்று அதன் குறிப்பிலேயே இருக்கிறது. பூச்சியைச் சுற்றி வைத்து அப்புறம் தின்கிற பிராணி அல்லவா? அதற்காக எழுதிய விஷத்தை வைத்து என்னைச் சாகடித்துவிட்டார்.

கீழேயிருந்து தண்ணீர் கொண்டுவந்த பாட்டி, “தாயமாடா ஆடறீங்க?” என்றார். கிட்டத்தட்ட அதேதான் பாட்டி. குடியாத்தத்தில் அவர் வளர்ந்த வீட்டில், எதிராளி காயை ஒன்றாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குப் போக முடியும். ஆற்காட்டில் வாழ்க்கைப்பட்ட அத்தை வீட்டில் வெட்டே வேண்டாம். பொங்கலுக்குப் பொங்கல் இருவரும் இதே சண்டை. 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி போடலாம் என்பதில் மட்டும்தான் ஒற்றுமை.

அன்று தீர்ப்பு வரவில்லை. உங்கள் மேசையில் எப்படி?

காட்பாடிக்காரர்:
சேவ் வழியாக வருவதை நாங்கள் இரட்டிப்பதில்லை, உங்கள் பக்கம்தான். எங்கள் தலைவலி பாலடின், புனித வீரன் பாத்திரம். 2014 விதியில் அடி பட்டது தெரிந்த பிறகு ஸ்மைட் (ஸ்பெல் ஸ்லாட் என்கிற மந்திர இருப்பைச் செலவழித்துச் சேர்க்கும் கூடுதல் டேமேஜ்) போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். எங்கள் பாலடின் இருபது விழும் வரை ஸ்பெல் ஸ்லாட்டைத் தொடவே மாட்டார். விழுந்ததும் இரண்டு டி8 நாலாகிவிடும். கஞ்சன் என்று திட்டுவோம், ஆனால் விதிப்படி சரிதான். சேவ் எதுவும் இல்லையே.

ராணிப்பேட்டைக்காரர்:
(2019-இல் மாவட்டம் பிரிந்தாலும் நாங்களும் இந்தப் பக்கம்தான்.) உங்கள் அண்ணன் 3.5 ஆள் என்றால் எனக்கு ஒரே ஆச்சரியம். அந்தப் பதிப்பில் எல்லாமே தலைகீழ். அடியையும் அதன் கூட்டையும் சேர்த்தே பெருக்குவோம். ஸ்னீக் அட்டாக் மாதிரி கூடுதல் டைஸை மட்டும் பெருக்க மாட்டோம். இருபது விழுந்தாலும் இன்னொரு முறை உருட்டி உறுதி செய்ய வேண்டும். எலும்புக்கூடு, ஜாம்பி மேல் கிரிட்டே செல்லாது. ஐந்துக்கு வந்தும் நான் ஆறு மாதம் எலும்புக்கூட்டுக்குச் சாதாரண அடி போட்டுக்கொண்டிருந்தேன், யாரும் சொல்லவில்லை. பழைய புத்தகத்திலிருந்து வந்தவர் விஷத்தைக் குறைவாகத்தான் போட்டிருப்பார் என்று நினைத்தேன். புது வரியைப் படித்த உற்சாகத்தில் கூடுதலாகவே போட்டுவிட்டார் போல.

இன்னொன்று. 2025-இல் வந்த மான்ஸ்டர் மேனுவலில் இதே சிலந்திக்கு விஷ சேவை எடுத்துவிட்டார்கள். கடி பட்டாலே கூடவே இரண்டு டி6 விஷம். அங்கே கிரிட் விழுந்தால் நாலு டி6தான், உங்கள் வாதம் எடுபடாது. எந்தப் புத்தகம் என்று முதலில் பேசிக்கொள்ளுங்கள்.

எழுதியவர்:
2014தான். ஆனால் இந்த விஷயத்தை அண்ணனிடம் தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள்.

மாடி வீட்டு டிஎம்:
நானும் இங்கேதான் இருக்கிறேன் தம்பி. இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். சேவ் பற்றி நீ சொன்னது சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். உன் கிளெரிக் சாகவில்லை. வலையில் தலைகீழாகத் தொங்குகிறான், ஒரு மணி நேரத்துக்கு அசைய முடியாது. அசைய முடியாதவனை ஐந்தடிக்குள் நின்று அடித்தால் படுகிற ஒவ்வொரு அடியும் கிரிட்தான், அதையும் படித்துவிட்டு வா. சிலந்திக்கு இன்னும் பசி தீரவில்லை. சனிக்கிழமை ஒன்பது மணி. வரும்போது ஆற்காடு மக்கன் பேடா அரைக் கிலோ.