பைரேட்ஸ்! என்ற கடற்கொள்ளைக் கணினி ஆட்டத்தில் இன்றும் மனத்தை உறுத்தும் பயணம் எது?

ஒற்றைப்பாய்:
கொமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியில், தொடக்க ஆண்டாக 1660-ஐத் தேர்ந்து, ஆங்கிலேயர் பக்கம் நின்று, ஸ்பானியத் துறைமுகமான காம்பேச்சியைக் கொள்ளையிட்டிருந்தேன். கேலியன் என்ற பெரிய கப்பல் நிறையப் பொன் இருந்தது. பார்படோஸைவிட அருகிலிருந்த ஆங்கிலத் துறைமுகமான போர்ட் ராயலுக்குப் போயிருக்க வேண்டும். பார்படோஸ் ஆளுநரிடம் பதவி உயர்வு பெறும் ஆசையில் கிழக்கே திரும்பினேன். கரீபியனில் வீசுவது பெரும்பாலும் கொண்டல், அதாவது கிழக்கிலிருந்து வரும் காற்று என்று தெரிந்தே செய்த தவறு அது. எதிர்காற்றில் வடக்கும் தெற்குமாக வளைந்து வளைந்து பல வாரங்கள் போன பிறகு, சூரியனின் உயரத்தை அளக்கும் அஸ்ட்ரோலேப் கருவியை நண்பகல் சூரியனோடு பொருத்திப் பார்த்தேன். அது அகலாங்கை மட்டும்தானே சொல்லும், கிழக்கே எவ்வளவு வந்தோம் என்று சொல்லாதே? பார்படோஸை நெருங்கிவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தபோது திரையில் எழுந்த கரை, பார்படோஸுக்கு வெகு மேற்கே உள்ள ஹிஸ்பானியோலா தீவின் தென்கரை. உணவு தீர்ந்திருந்தது. மாலுமிகள் சினத்துடன் இருப்பதாகத் தகவல் பக்கம் சொன்னது. அந்த ஒரு வரிதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

வாள்முனை:
மேலே எழுதியவர் காற்றைப் பழிப்பதை ஏற்க முடியவில்லை, குற்றம் கேலியனுடையது. சரக்குக் கப்பலைப் பிடித்தால் பொன்னை மாற்றிக்கொண்டு, கப்பலை முதல் துறைமுகத்திலேயே விற்றுவிட வேண்டும். பின்னஸ், ஸ்லூப் போன்ற சிறு கப்பல்கள் எதிர்காற்றை நெருங்கிப் பாய் விரிக்கும். பெரிய கப்பல்கள் தட்டும் ஆழமற்ற திட்டுகளின் மேலேயும் தப்பிச் செல்லும். கிழக்கே போக வேண்டியவர் வெறுங்கையோடு முதலிலேயே போய்விட்டு, கொள்ளையுடன் காற்றோடு மேற்கே இறங்க வேண்டும். ஆள்களையும் குறைவாக வைத்திருங்கள். முந்நூறு பேரைச் சேர்த்துக்கொண்டு உணவு போதவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. என் அனுபவம் சிறியது: வாள்சண்டையில், எட்டும் தூரம் அதிகம் என்று ரேப்பியர் என்ற மெல்லிய நீண்ட வாளை எடுத்தேன், கட்லாஸ் என்ற குட்டை வாளை ஏந்திய ஸ்பானியத் தலைவன் என்னைக் கப்பலின் விளிம்புவரை தள்ளிவிட்டான்.

பழையகையேடு:
விற்றுவிட வேண்டும் என்று சொல்வது எளிது. ஆட்டத்தில் டச்சுக் கடற்படைத் தலைவர் பீட் ஹெய்னின் 1628-ஆம் ஆண்டுப் படையெடுப்பைத் தேர்ந்தவருக்கு, நிம்மதியாகக் கப்பல் விற்கும் துறைமுகம் அருகில் எங்கே இருக்கிறது? வரலாற்றில் ஹெய்ன் அந்தச் செப்டம்பரில் கியூபாவின் மாத்தான்சாஸ் விரிகுடாவில் ஸ்பானியப் புதையல் கப்பல்களைப் பெரிய சண்டையின்றியே பிடித்து, ஒரு கோடிக்கும் மேற்பட்ட கில்டர் மதிப்புள்ள செல்வத்தை அள்ளினார். நானோ, எந்த மாதம் எந்த ஊரில் அக்கப்பல்கள் நிற்கும் என்ற பட்டியல் இல்லாமல் புறப்பட்டேன். டிஸ்க்கைப் பழையதாக வாங்கினேன். கையேட்டில் அந்தப் பக்கம் மட்டும் கிழிந்திருந்தது. தொடக்கத்தில் ஆட்டம் அதைத்தான் கேள்வியாகக் கேட்கும். ஊகித்துச் சொன்னேன், தவறாகிவிட்டது. ஹவானாவுக்கு வெளியே காத்திருந்து காத்திருந்து உணவு முடிந்த நாளில், கடல் அப்படியே வெறுமையாக இருந்தது. கப்பல்கள் கடந்து போய்விட்டனவா, வரவேயில்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தை வைத்திருப்பவர்கள், ஹவானாவுக்கு எந்த மாதம் என்று மட்டும் சொல்லுங்கள்.