ஓவியமும் ஒளிப்படமும் ஆற்றிய காயங்கள்: அனுபவப் பகிர்வு

கும்பகோணத்திலிருந்து

2021ஆம் ஆண்டு எனக்கு வலப்பக்க மார்பகத்தில் புற்றுநோய் என்று உறுதியாகி, அறுவைச் சிகிச்சையில் அந்த மார்பகத்தையும் அக்குளிலிருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். கீமோதெரபியும் கதிர்வீச்சும் முடிந்து வீடு திரும்பியபோது, வந்தவர்கள் எல்லாரும் பிழைத்துக்கொண்டாய் என்று சொல்லி மகிழ்ந்தார்கள். அது உண்மைதான். ஆனால் குளியலறைக் கண்ணாடியைத் துண்டு போட்டு மூடிவிட்டு எட்டு மாதங்கள் வாழ்ந்தேன் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் துண்டை எடுத்தது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வலக்கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் இருந்த காலம் அது. சுவரில் விரல்களைப் படிப்படியாக ஏற்றும் பயிற்சியை நாள்தோறும் செய்யச் சொல்லியிருந்தார்கள். பாதி உயரம் ஏறுவதற்குள் எனக்கு அழுகை வந்துவிடும். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் தஞ்சாவூர் ஓவியம் கற்றுத்தரும் அம்மா ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, "வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இங்கே வந்து உட்காருங்களேன்" என்றார். முதல் வாரம் முழுவதும் பலகை தயாரிப்பதிலேயே போயிற்று. பலகையில் துணியை ஒட்டி, அதன்மேல் சாக்கட்டித் தூளும் பசையும் கலந்து பூசி, காய்ந்த பிறகு மேற்பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பாகும்வரை தேய்க்க வேண்டும். தோளை அசைக்காமல் அப்படித் தேய்க்க இயலாது. சுவரின் முன்னால் நின்று நான் மறுத்த அசைவையெல்லாம் அந்தப் பலகை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டது.

அடுத்து மக்கு வேலை. சாக்கட்டித் தூளும் பசையும் சேர்த்துக் குழைத்த கூழைத்தான் மக்கு என்பார்கள். அதைத் தூரிகை நுனியால் சொட்டுச் சொட்டாக வைத்து, கண்ணனின் மாலையும் கைவளையும் பலகையிலிருந்து மேலெழும்படி செய்யும் வேலை இது. நீர் கூடினால் சொட்டு படர்ந்துவிடும். குறைந்தால் காய்ந்தபின் வெடித்துவிடும். என் முதல் மாலை வெடித்தது. மேலே இன்னொரு பூச்சுக் கொடுத்து மறைக்கலாமா என்று கேட்டதற்கு, "ஒட்டுப் போட்டால் நிற்காதம்மா, சுரண்டிவிட்டு மறுபடி வையுங்கள்" என்றார் ஆசிரியை. அந்த மாலையை மூன்று முறை வைத்தேன். மூன்றாவது முறை வைத்து முடித்து நிமிர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம் ஆகியிருந்தது. அடுத்த ஸ்கேன் என்றைக்கு என்ற நினைப்பு அன்று பிற்பகல் முழுவதும் ஒருமுறைகூட வரவில்லை. அறுவைச் சிகிச்சை செய்த பக்கத்துக் கையில் கீறல் படக்கூடாது என்று மருத்துவர் எச்சரித்திருந்ததால், தங்க ரேக்கை மட்டும் ஆசிரியையே வெட்டித் தந்தார்.

இது வெறும் மனப்பிரமையோ என்று எனக்கே ஐயம் இருந்தது. அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் என்பவரின் குழு நடத்தி 2016இல் வெளியான ஆய்வைப் பற்றிப் பிறகு படித்தேன். 39 பேரை 45 நிமிடங்கள் வரைதல், களிமண் பிசைதல் போன்ற வேலைகளில் ஈடுபடுத்தி, முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்டிசோல் என்னும் மனஅழுத்தச் சுரப்பை அளந்திருக்கிறார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன்பே வரையத் தெரிந்தவரா, தெரியாதவரா என்பதால் பெரிய வேறுபாடு ஏதும் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். ஆய்வு சிறியது. மேலும் ஓவியம் புற்றுநோய்க்கு மருந்து ஆகாது. நான் இன்றும் மாத்திரையைத் தவறாமல் உட்கொள்கிறேன், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கும் போகிறேன்.

இரண்டாவது மாற்றம் நாகேஸ்வரன் கோயிலில் நிகழ்ந்தது. ஒன்பதாம் நூற்றாண்டுச் சோழர் கோயில் அது. சிறு வயது முதல் நான் சுற்றிவந்த பிரகாரம். கருவறையின் மேற்குச் சுவர் மாடத்தில் அர்த்தநாரீஸ்வரர் நிற்கிறார். ஒளிப்படக் கலையில் ஈடுபாடுள்ள என் தங்கை அந்தச் சிற்பத்தைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வலப்பக்க மார்பு தட்டையாகவும் இடப்பக்கம் பெண்ணின் மார்பாகவும் இருந்தன. என் உடலும் இப்போது அப்படித்தானே இருக்கிறது என்று தோன்றிய நொடியில் எனக்கு மூச்சு முட்டியது. ஐம்பது ஆண்டுகளாகக் கும்பிட்ட உருவம் அது. அதைக் குறைபட்ட உடல் என்று நானோ மற்றவரோ ஒருநாளும் எண்ணியதில்லை.

அடுத்த வாரம் நானே தங்கையிடம் கேட்டேன், என்னைப் படம் எடு என்று. எங்கள் பழைய வீட்டு முற்றத்தில் காலை எட்டு மணி வெயில் தூணில் சாய்வாக விழும். பருத்திப் புடவையின் தலைப்பை இழுத்துப் போர்த்தாமல், பஞ்சு வைத்த உள்ளாடையும் அணியாமல் நின்றேன். "அக்கா, தோளைக் குறுக்காதே" என்று மட்டும் அவள் இரண்டொரு முறை சொன்னாள். முதலில் முதுகு, பிறகு தரையில் விழுந்த நிழல், கடைசியாகப் பக்கவாட்டுத் தோற்றம். எடுத்து முடித்ததும் கேமராவை என் கையில் கொடுத்துவிட்டாள்; நான் வேண்டாம் என்று சொன்னவற்றை என் கண்முன்னே அழித்தாள். மனித உடலைப் படம் எடுப்பவர்கள் இந்த முறையை விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் மருத்துவமனையில் பல மாதங்கள் பிறர் முடிவுக்கு விட்டிருந்த என் உடம்பு, நான் முடிவு செய்யும் பொருளாக அங்கேதான் மாறியது. பிரிட்டனைச் சேர்ந்த ஜோ ஸ்பென்ஸ் என்ற ஒளிப்படக் கலைஞர் 1982இல் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானபோது, அறுவைக்கு முன் தம் மார்பின்மேல் இது தம்முடைய உடைமையா என்று கேள்விக்குறியுடன் எழுதிப் படம் எடுத்துக்கொண்டார் என்று தங்கைதான் பின்னர் சொன்னாள்.

மூன்று படங்களை வைத்துக்கொண்டேன். அவற்றை அச்சிட்டு வாங்கிய அன்று இரவு கண்ணாடியை மூடியிருந்த துண்டை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டேன்.

பேராவூரணிப் பக்கத்திலிருந்து

கும்பகோணத்து அம்மா மேலே எழுதியதைப் படித்தபின் என் தந்தையைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது எங்கள் தோப்பில் நின்ற தென்னைகளில் பெரும்பாலானவை ஒரே இரவில் சாய்ந்தன. அதன்பின் அப்பா தோப்புப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். கிடந்த மரங்களை அறுத்து அகற்றிய நாளில் மட்டும் வந்து, வெட்டிய அடிமரம் ஒன்றின் அருகே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் கைப்பேசியில் ஒரு படம் எடுத்தேன். பிறகு அந்தப் படத்தைப் பார்த்து, அவர் முதுகின் வளைவை மட்டும் நீர்வண்ணத்தில் பலமுறை வரைந்தேன். வரைந்தது எனக்காகத்தான், அவரிடம் பேச முடியாததையெல்லாம் தூரிகையோடு பேசிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அவர் அதை எதேச்சையாகப் பார்த்துவிட்டார். நெடுநேரம் கையில் வைத்திருந்தார். "நம்ம தாத்தா நிக்கிற மாதிரியே இருக்குடா" என்றார். அந்தத் தோப்பின் முதல் தென்னைகளை வைத்தவர் தாத்தாதான். தாத்தா வண்டி கட்டிப் போய் நாற்று வாங்கிவந்த கதையை அன்றுதான் முதன்முறையாகச் சொன்னார். புயலுக்குப்பின் அவர் அவ்வளவு நேரம் பேசியதும் அன்றுதான். மறுவாரம் தென்னம்பிள்ளை வைக்கக் குழி எடுத்தோம். குழிகளுக்கு நடுவே எந்த இடத்தில் நின்றால் முகத்தில் வெயில் விழும் என்று பார்த்து, அவரே போய் நின்றுகொண்டு, "இப்ப எடு" என்றார்.