சிங்க் பைப்பில் கூமுட்டை நாற்றம், என்ன ஊற்றினாலும் போகவில்லை

நானுஓயா மகள்:
எங்கள் குசினி சிங்க்கில் காலையில் கதவைத் திறந்ததுமே கூமுட்டை நாற்றம் அடிக்கிறது. அடைப்பு என்று சொல்ல முடியாது, தண்ணீர் கொஞ்சம் மெதுவாக இறங்குகிறது, அவ்வளவுதான். வீடியோ பார்த்து அப்பச் சோடாவும் வினாகிரியும் ஊற்றினேன், நுரை பொங்கி வந்தது, ஓரிரு நாள் சும்மா இருந்துவிட்டு மறுபடியும் அதே கதை. கொழும்பில் நாத்தனார் வீட்டிலும் இதே சமையல்தான், அங்கே இப்படி இல்லை. ஹாட்வெயார் கடையில் கோஸ்டிக் சோடா போடச் சொல்கிறார்கள். சின்னப் பிள்ளை இருக்கிற வீடு, பயமாக இருக்கிறது. வேறு வழி இருக்கிறதா?

ஹட்டன் பைப்காரன்:
தங்கச்சி, கோஸ்டிக் சோடா வேண்டாம். தண்ணீர் பட்டதும் சூடேறித் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

கொழும்பில் மணக்காததற்குக் காரணம் வெக்கை. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே போனால் உறைய ஆரம்பிக்கும், உங்கள் பக்கம் நுவரெலியாவில் சராசரியே 16 பாகை அளவுதான். போத்தலில் கட்டியாகிப்போன எண்ணெயை வெயிலில் வைத்து எடுக்கிறோமே, அதேதான் பைப்புக்குள்ளும் நடக்கிறது. சொதிச் சட்டியும் பொரித்த தாச்சியும் கழுவுகிற தண்ணீரில் போகும் கொழுப்பு பைப்பின் உள்பக்கம் அப்பிக்கொள்ளும், அதன்மேல் தேயிலைச் சக்கை, தேங்காய்ப்பூ, சோற்றுப் பருக்கை எல்லாம் ஒட்டும், காற்றுப் படாத அந்த அழுக்கில் பாக்டீரியா பெருகி ஹைட்ரஜன் சல்பைட் வாயுவை விடும். கூமுட்டை நாற்றம் அதுதான். அப்பச் சோடாவும் வினாகிரியும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும், கடைசியில் மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். பார்க்க நன்றாக இருக்கும், கொழுப்பைக் கரைக்காது.

ஊற்றுவதை விட்டுவிட்டுக் கழற்றிக் கழுவுங்கள். சிங்க்குக்குக் கீழே வாளியை வைத்து, போத்தல் ட்ராப் (பைப்பில் போத்தல் மாதிரித் தொங்குகிற துண்டு) இருந்தால் அதன் அடி மூடியைக் கையாலேயே திருகலாம். உள்ளே சாம்பல் நிறத்தில் மெழுகு மாதிரி வழுவழு என்று ஒன்று வரும், மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். பழைய பல் பிரஷ்ஷும் பாத்திரம் கழுவுகிற லிக்விட்டும் சுடுதண்ணீரும் போதும். ரப்பர் வாஷர் வாளிக்குள் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது சரியாக உட்காராவிட்டால் ஒழுகும். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டாம், பிவிசி பைப் இளகிவிடும்.

பண்டாரவளை டீச்சர்:
அண்ணன் சொன்னது சரி. கூடவே சிங்க்கின் மேல் பக்கத்தில் தண்ணீர் வழியாமல் இருக்க ஒரு ஓட்டை இருக்குமே, அதையும் பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும், பாதிப் பேர் அதைத் தொடுவதே இல்லை. இன்னொன்று, குளோரின் ஊற்றினால் அதோடு வினாகிரியோ தேசிக்காயோ சேரவே கூடாது. நச்சு வாயு வரும், குளிருக்கு ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிற நம் வீடுகளில் அது விளையாட்டு இல்லை.

நானுஓயா மகள்:
நன்றி. கீழே பார்த்தேன், போத்தல் மாதிரி எதுவும் இல்லையே. மடிப்பு மடிப்பாக ஒரு வெள்ளை ஹோஸ் நேராகச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே கானுக்குப் போகிறது.

ஹட்டன் பைப்காரன்:
அப்படிச் சொல்லுங்கள்! அப்போது கானின் நாற்றமும் சேர்ந்துதான் உள்ளே வருகிறது. ட்ராப் எதற்கு என்றால், வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்று காற்றை மறிக்கும். உங்களிடம் அது இல்லை, கானில் இருந்து குசினிக்கு நேர்ப் பாதை. அந்த ஹோஸைக் கழுவி மினக்கெட வேண்டாம், மடிப்புக்குள் பிரஷ் போகாது, மாற்றிவிடுங்கள். போத்தல் ட்ராப் போடுவதுதான் நல்லது. இப்போதைக்கு முடியாவிட்டால் புது ஹோஸை யூ மாதிரி கீழே வளைத்து, தண்ணீர் 2 அங்குலமாவது நிற்கிற மாதிரி கம்பியால் கட்டிவிடுங்கள்.

மஸ்கெலியா பெரியம்மா:
தேயிலைச் சக்கையை சிங்க்கில் கொட்டாதே மகள், ரோசாச் செடிக்குப் போடு. எண்ணெய்ச் சட்டியைக் கழுவும் முன் பழைய பேப்பரால் துடைத்துவிடு. ஹோஸ் வெளியே முடிகிற இடத்தில் கம்பி வலையும் கட்டச் சொல், மழைக் காலத்தில் எலி ஏறி வரும்.